சுண்ணாம்பு கம்பமும் அதன் அடியில் ஒரு கடலும்

சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பெரியது 27 மீட்டர் நீளம். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்து, விலை கொடுத்து வாங்கி வந்தவை. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டியவைதான். ஆனால் இந்த ஊருக்கே சொந்தமான தொல்லுயிர் எச்சம், இந்தியர் வட்டாரமான தேக்காவுக்கு மிக அருகில், நம் காலுக்கடியில் கிடக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றி.

சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலை நம் முன்னோர் சுண்ணாம்பு கம்பத்துக் கோயில் என்றே சொல்வார்கள் (கம்பம் என்றால் இங்கே சிற்றூர்). அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்த காலத்துப் பெயர் அது. அன்றைய சிங்கப்பூரில் சுண்ணாம்பு என்றால் சுட்ட பவளப்பாறையும் கிளிஞ்சலும்தான். அதாவது, கடலில் உயிரோடு இருந்தவற்றின் கூடு.

1856இல் இந்தியக் கைதிகள் கட்டத் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சும் அப்படிப்பட்டதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் மெருகு வரும்வரை தேய்த்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதாக இருக்காது.

கிளிஞ்சல் சுவரில் மட்டுமல்ல, நம் காலுக்கடி மண்ணிலும் உண்டு. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர், அதற்கப்பால் காலாங். இந்த ஆறுகளின் படுகையில் துளை போட்டால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறக் களிமண் வரும். வெண்ணெய் போலக் குழையும்; நடுநடுவே கிளிஞ்சல் துண்டு நெருடும். கடல் கொண்டுவந்து படிய வைத்த மண். கட்டுமானத் தொழிலாளிகளுக்கு இது பயங்கரமான மண். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் எம்ஆர்டி ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இந்த மண்ணில்தான் சரிந்தது. நான்கு உயிர்கள் போயின.

இதே மண்ணை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீபன் சுவாவும் குழுவினரும் வேறு கண்ணோடு பார்த்தார்கள். மரீனா சவுத்தில் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை மண்ணை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துத் தேடினார்கள். இன்றைய கடல்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே அலையாத்தி மரங்களின் மகரந்தம் குவிந்து கிடந்தது. கிட்டத்தட்ட 10,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் தென்கரை அங்கே இருந்திருக்கிறது. 2021இல் ஆய்வு முடிவு வெளிவந்தது.

பனியுகம் முடிந்து துருவப் பனி உருகிய காலம் அது. கடல் ஆண்டுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஏறியிருக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அலையை ஆற்றுவதற்கென்றே பெயர் வாங்கிய மரங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சுமார் 300 ஆண்டுகளில் அந்தக் காடு கடலுக்குள் போய்விட்டது. ஓர் ஊரில் பத்துப் பன்னிரண்டு தலைமுறை வாழும் காலம், அவ்வளவுதான். இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 2100க்குள் சிங்கப்பூரில் கடல் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் அரசு வெளியிட்ட கணிப்பும் கிட்டத்தட்ட அதே வேகம்தான்.

ரோச்சோர் கால்வாயில் இப்போது கடல் ஏறுவதில்லை. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்து அதன் வழியை அடைத்துவிட்டது. பழைய கடல் மட்டும் களிமண்ணாக அடியில் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம்: புலாவ் உபின் கருங்கல், நடுக்கடலில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமாக எழுந்த கதை.

(தொடரும்)