அடுப்பே இல்லாமல் கொதிக்கும் சுண்ணாம்பு: அந்தச் சூடு எங்கிருந்து வருது? எப்படி அளக்குறாங்க?

பொங்கல் நெருங்கினால் உத்திரமேரூர் பக்கத்து கிராமங்களில் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். பெயின்ட் வந்த பிறகு இது குறைந்துவிட்டது என்றாலும், சுட்ட கிளிஞ்சலை வாங்கிவந்து தண்ணீர் ஊற்றி நீற்றும் வழக்கம் தெரியாதவர்கள் இங்கே குறைவு. தண்ணீர் பட்டதும் புஸ்ஸுனு ஆவி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் தளதளனு கொதிக்கும். கீழே அடுப்பு கிடையாது, நெருப்பும் கிடையாது.

அப்போ சூடு எங்கிருந்து வருது?

சுட்ட கிளிஞ்சல் என்பது கால்சியம் ஆக்சைடு. தண்ணீரோடு சேர்ந்ததும் அது கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. வெற்றிலைக்குத் தடவுறோமே, அந்தச் சுண்ணாம்பு. இந்தப் புதுப் பொருளிடம் உள்ள ஆற்றல், சேர்ந்த இரண்டு பொருள்களிடமும் இருந்ததைவிடக் குறைவு. மிச்சம்தான் வெப்பமாக வெளியே வருகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் வெப்ப உமிழ் வினை.

எவ்வளவு வெப்பம்? 56 கிராம் கால்சியம் ஆக்சைடு முழுசா நீறினால் சுமார் 65 கிலோஜூல். சின்ன எண் மாதிரி தெரியலாம். ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது!

அளப்பது எப்படி?

இதற்கான கருவி கலோரிமீட்டர். பெயர்தான் பெரிசு. வெப்பம் வெளியே போகாதபடி மூடிய பாத்திரம், அளந்து ஊற்றிய தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், அவ்வளவுதான். 200 மில்லி தண்ணீரில் 5.6 கிராம் சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் வெப்பநிலை சுமார் 8 டிகிரி ஏறும். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர 4.18 ஜூல் வேண்டும் என்பது தெரிந்த விஷயம். தண்ணீரின் எடை, ஏறிய டிகிரி, இந்த 4.18 மூன்றையும் பெருக்கினால் விடை. பிரான்சில் லவாய்சியரும் லாப்லாஸும் 1780களிலேயே, உருகிய பனிக்கட்டியை எடைபோட்டு வெப்பத்தை அளந்தார்கள்.

உண்மையில் இந்தச் சூடு சூளையில் 'கடன்' வாங்கியது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால்தான் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து கால்சியம் ஆக்சைடு கிடைக்கும். அதற்கு, அதே 56 கிராம் கணக்கில், 178 கிலோஜூல் உள்ளே போகிறது. நீற்றும்போது 65 திரும்பி வந்தது. மீதி 113? அது சுவரில் வருகிறது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாகிறது. பழைய கோயில் கோபுரங்களின் சுதை வேலை இறுகியதும் இப்படித்தான்.

சுவர் இறுக மாதக்கணக்கில் ஆகும். அந்தச் சூட்டை எந்தத் தெர்மாமீட்டரும் பிடிக்காது. ஆனால் 178இல் 65 போனால் 113 என்று கழித்தே சொல்லிவிடலாம். எந்த வழியில் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பமும் ஒன்றே என்று 1840இல் சொன்னவர் ஹெஸ். அந்த விதிதான் இந்தக் கழித்தல்.

நீற்றும்போது கவனிக்க வேண்டியது

குவியலாகக் கொட்டி அதன்மேல் கொஞ்சமா தண்ணீர் தெளிப்பதுதான் ரொம்ப ஆபத்து. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் போதாது; ஆவி சுண்ணாம்பையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். நிறைய தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஆறிப்போன சுண்ணாம்புதானே என்று விடவும் கூடாது. சூடு போனாலும் காரத்தன்மை போகாது. கடையில் விற்கும் சின்ன சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடும் குழந்தைகளின் கண்ணில் அது பீய்ச்சி அடித்து, பார்வையே பறிபோவதும் உண்டு.

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. இமையை நன்றாகத் திறந்து பிடித்து, ஒட்டியிருக்கும் துகளை எடுத்துவிட்டு, உடனே சுத்தமான தண்ணீரால் விடாமல் 20 முதல் 30 நிமிடம் கழுவ வேண்டும். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவிய கையோடு கண் மருத்துவரிடம் போக வேண்டும், எரிச்சல் குறைந்திருந்தாலும்கூட.