ஒருநாள் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கைக் கிளி தினமும் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலைகளை அடுக்கி மடித்து உடலைக் கட்டுகிறார்கள். மாதுளம்பூ மூக்காகிறது. நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்து இறக்கை. வாலுக்கு வெள்ளரளி, செவ்வரளி. கால்களுக்கு மூங்கில் குச்சி. கண்ணில் காக்காப்பொன் வைத்ததும் அது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது வாழைநார். நார் ஈரமாக இருந்தால்தான் முறியாமல் வளையும். இறுக்கிக் கட்டினால் இலை கிழியும். தளர விட்டால் கழுத்து சாயும். அந்தப் பதம் பரம்பரையாகக் கட்டிவருபவர்களின் விரலில்தான் இருக்கிறது. ஒரு கிளி முடிய ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும்.

மாலை சாயரட்சையில் கிளி ஆண்டாளிடம் சேரும். வியாசரின் மகன் சுகமுனிவரே இந்தக் கிளி என்பது இங்குள்ள நம்பிக்கை. அரங்கனிடம் தூது போன கிளி என்றும் சொல்வார்கள். மறுநாள் விடியலில் விஸ்வரூப தரிசனம் ஆனதும் பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகிவிடும். அதன் கோயில் வாழ்வு ஓர் இரவுதான்.

நாரில் பிறப்பதெல்லாம் இப்படி ஓர் இரவில் முடிவதில்லை. ஜப்பானியர் கோசோ மரப்பட்டையின் நாரை நீரில் அலசிக் கையால் காகிதம் வார்க்கிறார்கள். மினோ பகுதிக் காகிதத்தில் 702ஆம் ஆண்டில் எழுதிய குடும்பப் பதிவேடு இன்றும் நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. ஆண்டாள் பாடிய காலத்துக்கும் முந்தையது அது! 2014இல் மினோ உட்பட மூன்று ஊர்களின் காகிதக் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே செய்த பொருளே சாட்சியாக நிற்கிறது. நம் கிளியோ வாடிவிடுகிறது. வாடுவதால்தான் மறுநாளும் ஒருவர் உட்கார்ந்து கட்டியாக வேண்டும். ஒரு நாள்கூடக் கை ஓய்வதில்லை. அதனால்தான் வேலை மறக்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ராஜபாளையம் நூலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் லாரி லாரியாக வெளியூர் போகிற வட்டாரம் இது. இங்கே நாளுக்கு ஒன்றே ஒன்றாகச் செய்யப்படும் இந்தப் பொருளின் செய்முறையும் இலை இலையாக எழுதி வைக்கப்பட வேண்டும்.

நெடும்பயணம் போகும் கிளிகளும் உண்டு. சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதற்கு ஆண்டாள் சூடிக்களைந்த மாலையோடு கிளியும் மதுரைக்குப் போகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் கருட சேவைக்காகத் திருமலைக்கும் மாலை, கிளி, பட்டு மூன்றும் புறப்படுகின்றன. மாட வீதிகளில் சுமந்து சென்று சேர்ப்பிக்க, அந்த மாலையை அணிந்துதான் மலையப்பர் கருடன்மேல் எழுந்தருளுகிறார். பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணம் வரும்போது திருப்பதியிலிருந்து பட்டுப்புடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்கிறது.