கண்டி மலைநாட்டில் தனிமனித உரிமையும் அரச அதிகாரமும்

அரசு ஒரு மனிதனின் உடலையும் உழைப்பையும் வாயையும் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற வழக்கு கண்டி மலைநாட்டில் மூன்று ஆட்சிகளைக் கண்டது: கண்டி மன்னர்கள், பிரித்தானியத் தேசாதிபதிகள், சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம். நகருக்குத் தெற்கே எழும் ஹந்தானை மலைத்தொடரில் இம்மூன்றின் தடங்களும் உள்ளன. மலையின் கீழே மன்னன் வெட்டுவித்த ஏரி இருக்கிறது. சரிவில், 1925இல் கட்டப்பட்டு இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. தோட்டத்துக்குள் லயன் வரிசைகளில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன.

மன்னராட்சியில் நிலம் அனைத்தும் மன்னனுக்கு உரியது என்பதே கொள்கை. நிலத்தை அனுபவிப்பவர் அதற்கு ஈடாகச் செய்யும் சேவை இராசகாரியம் எனப்பட்டது. வயலை உழுவது, பாதை வெட்டுவது, பெரகரா ஊர்வலத்தில் மேளம் அடிப்பது, போருக்குப் போவது ஆகியவை சாதிக்கும் நிலத்துக்கும் ஏற்ப வகுக்கப்பட்டிருந்தன. வழக்கத்தை மீறி வேலை வாங்கும் மன்னனை மக்கள் வெறுத்தனர். வழக்கமே அரசனுக்கு இருந்த பெரிய கடிவாளம். கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் கண்டி ஏரியை இராசகாரிய உழைப்பால் கட்டியபோது அந்தக் கடிவாளம் அறுந்தது. நாயக்கர் வழிவந்த அவன் 1814இல் தலைமை அமைச்சராக இருந்த எகலப்பொலவின் மனைவி மக்களைக் கொல்வித்தான். அதன்பின் பிரதானிகளின் ஆதரவும் அவனை விட்டுப் போனது.

1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ மண்டபத்தில் ஏற்கப்பட்ட கண்டி ஒப்பந்தம் நாட்டைப் பிரித்தானிய முடிக்குக் கொடுத்தது. தனிமனித உரிமை வரலாற்றில் இந்த ஆவணத்துக்குத் தனி இடம் உண்டு. உடல் வதையையும் உறுப்புகளை வெட்டும் தண்டனையையும் அது ஒழித்தது. தேசாதிபதியின் எழுத்து மூல ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்றது. அதே ஆவணம் மன்னனின் உறவினரையும், வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்களையும், அதாவது தமிழரையும், கண்டிச் சீமைக்குள் திரும்பக் கூடாது என்று தடுத்தது. ஒரு கையால் காத்து மறு கையால் விலக்கும் இந்த எழுத்து முறை பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

அதே 1832இல், பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில், விகாரை நிலங்களில் மட்டும் அது நீடித்தது. கட்டாய உழைப்பு மனிதனை இழிவாக்குகிறது என்ற தாராளவாத எண்ணம் இதில் இருந்தது உண்மை. உழைப்பு சந்தைக்கு வர வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உரிமையை நிறுவ முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமை எனக் கொள்ள வழிசெய்தது. அந்த நிலம் காப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. கிராமத்துச் சிங்கள விவசாயி நிரந்தரத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர்களின் எண்ணிக்கையை எந்த அரசும் ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை.

ஒழிக்கப்பட்ட கட்டாய உழைப்பு இவர்களுக்கு வேறு உருவில் வந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒப்பந்தத்தை மீறியதற்கு நட்டஈடு கேட்பது வேறு, ஆளையே சிறையில் தள்ளுவது வேறு. தோட்டத் தொழிலாளிக்கு அந்த வேறுபாடு கிடையாது. இதற்கு மேல் கடன் இருந்தது. ஊரிலிருந்து அழைத்து வரும்போது கங்காணி கொடுத்த முற்பணமே தொழிலாளியின் தலையில் முதல் பாரமாக ஏறும். கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டம் அவரை ஏற்காது. துண்டில் இருந்த தொகையைப் புதிய துரை கட்டினால் தொழிலாளி கடனோடு கை மாறுவார். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் இரவில் லயத்தில் விளக்கு அணைப்பது வரை துரையின் சொல்லே சட்டமாக இருந்தது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் அதையொட்டியே நீங்கின. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது.

ஐரோப்பாவில் இதே காலம் தனிமனித சுதந்திரத்தின் பொற்காலம் என்று எழுதப்படுகிறது. 1215இன் மகா சாசனமும், ஆட்கொணர்வுக்கான 1679ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கிலாந்தில் அரசனின் கையைக் கட்டின. ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரின் செயலில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர் கொள்கை. பின்தங்கிய சமூகங்களுக்கு அது பொருந்தாது என்று அதே நூலில் விலக்கும் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். காலனிகளின் சட்டப் புத்தகங்கள் அந்த விலக்கைத்தான் வாழ்ந்து காட்டின.

இராணுவச் சட்டம் இதற்குக் கண்கூடான சான்று. 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி வந்தது; வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை, அல்லது அதற்குப் பணம் என்ற சட்டமும் வந்தது. இராசகாரியம் திரும்பி வருகிறது என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. கண்டியின் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடினர். மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8இல் போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த துறவி ஒருவர் காவியுடையோடு சுடப்பட்டார். இலண்டன் நாடாளுமன்றம் விசாரித்தது, டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது தேசாதிபதி சாமர்ஸ் மீண்டும் இராணுவச் சட்டத்தை ஏவினார். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7இல் சுடப்பட்டார். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த அத்துமீறல்களுக்கு எதிராகச் சட்டசபையில் உரத்த குரல் எழுப்பியவர் பொன்னம்பலம் இராமநாதன். தாக்கப்பட்ட முஸ்லிம்களின் துயருக்கு அக்குரலில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

நீதிமன்றம் தேசாதிபதியை நிறுத்திய பெரிய வழக்கு 1937இல் வந்தது. கண்டிக்கு வடகிழக்கே மடுல்கலையில் உள்ள றெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தோனி பிறேஸ்கேர்டிள், தொழிலாளர் நடத்தப்படும் விதத்தை எதிர்த்து வேலையை இழந்தார். இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் இந்தியத் தேசியத் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாய பேசிய கூட்டத்தில் தோட்டத்துரைமாரைத் தாக்கிப் பேசினார். தோட்ட உலகம் கொதித்தது. வெள்ளையரே வெள்ளையரைக் காட்டிக் கொடுப்பதைத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்தும்படி உத்தரவிட்டார். கட்சி அவரை ஒளித்து வைத்தது. பின் கைதானபோது ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது, எச்.வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் மே 18இல் அவரை விடுவித்தது. அவசர காலத்துக்காக 1896இல் ஆக்கப்பட்ட அதிகாரத்தை, பேசியதற்காக ஒருவர் மீது சாதாரண காலத்தில் ஏவ முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு போற்றுதற்குரியது. ஆயினும் அது காத்தது தோட்டத்தில் பிறந்த ஒருவரை அல்ல. அதே ஆண்டுகளில் தொழிற்சங்கத்தார் தோட்ட எல்லைக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், ஆரம்ப காலத்தில் புடவை வியாபாரியின் வேடத்தில்தான் லயங்களுக்குள் போனார். ஹந்தானைக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டை மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் சொன்னதைப் பொலிஸ் தலைமை ஏற்க மறுத்ததில் எழுந்த பிணக்கு அமைச்சர் சபையின் பதவி விலகல் வரை போனது. கொழும்பில் பேசப்பட்டது அதிகாரம் யாருக்கு என்பது. கோவிந்தனின் பெயர் மலையகத் தொழிற்சங்கங்களின் நினைவில் மட்டும் தங்கியது.

உரிமை இழப்பின் உச்சம் சுதந்திரத்துக்குப் பின் வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழிப் பாட்டன்மாரோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் அந்தப் பத்திரம் எங்கே இருக்கும்? ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர். அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது.

இதை எதிர்த்துக் கேகாலை மாவட்டத்தின் றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து கோடகன் பிள்ளை என்பவர் நீதிமன்றம் சென்றார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைச் அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தடுக்கிறது என்பது அவர் வாதம். வாக்காளர் இடாப்பை மீளாய்ந்த அதிகாரி அதை ஏற்றார். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் கைவிரித்தது. யார் குடிமக்கள் என்பதை வகுப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரம் என்றது அது. குடியுரிமையே உரிமைகளின் வாசல் என்றால், அந்த வாசலின் சாவியை முழுவதும் பெரும்பான்மையின் கையில் கொடுத்த தீர்ப்பு இது. பிழையான தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேர் பிறகு. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக எடுத்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி இலங்கைப் பதிவும் பெற்றுப் பிரிந்த வீடுகள் மலையகம் எங்கும் உண்டு.

1978 யாப்பு அடிப்படை உரிமைகளுக்குத் தனி அத்தியாயம் தந்து, மீறல் நடந்தால் ஒரு மாதத்துக்குள் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் முறையிட வழி வைத்தது. மறு ஆண்டே வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அனுமதித்தது. தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022 திருத்தம் தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அரசு தலையிட வேண்டிய தருணம் அதுவே. அரசு வந்து சேர்ந்ததோ தீ பரவிய பின்.

நாடற்ற நிலை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் முடிவுக்கு வந்தது. 2003 சட்டத்தின்படி 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிமக்கள். தோட்ட நிலம் 1970களில் அரசுடைமையானது. ஹந்தானைத் தோட்டமும் அவ்வாறே. தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம் உறுதிப்பத்திரத்துடன் வழங்கும் திட்டங்கள் பின்னர் சில இடங்களில் நடந்தன. மலையகத்தின் பெரும்பாலான லயன் அறைகளுக்கு, அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களின் பெயரில் இன்றும் உறுதிப்பத்திரம் கிடையாது.