பேச்சும் வேலையும்

பணியிடத்தில் ஊழியர் அளவளாவினால் வேலை கெடும் என்ற அச்சம் மிகப் பழையது. கணினி வழியே ஊழியர் உரையாடிக்கொள்ள இடந்தரலாமா என்று இன்று தயங்கும் மேலாளரிடமும் அவ்வச்சமே குடிகொண்டுள்ளது. அதனைக் கணக்கிட்டுப் பார்க்க வாய்த்த இடங்களுள் ஒன்று, சிக்காகோவை அடுத்த சிசரோவில் இருந்த ஹாத்தார்ன் தொழிற்சாலை. உலகத்தார் பேசிக்கொள்ளத் தொலைபேசிக் கருவிகள் செய்த அவ்வாலையிலே தொழிலாளர் பேச்சு விரும்பப்படவில்லை!

1927 ஏப்ரலில் அங்கே தனியறை ஒன்றில் ஆறு பெண்கள் அமர்த்தப்பெற்றனர். ஐவர் 'ரிலே' என்னும் சிறு மின்கருவியைப் பூட்டினர். ஒருவர் உறுப்புகளை எடுத்துக் கொடுத்தார். ஏறத்தாழ 35 உறுப்புகளை ஒரு நிமிட அளவில் இணைக்கவேண்டிய நுட்பமான வேலை அது. முடிந்த ஒவ்வொரு ரிலேயும் நாடாவில் துளையாகப் பதிவாயிற்று. வழக்கமான கண்காணியின் அதட்டல் இல்லை. குறிப்பெடுப்பவர் ஒருவர் மட்டுமே உடனிருந்தார். பேசவும் தடையில்லை. ஓய்வுவேளைகள் கூட்டப்பட்டன, குறைக்கப்பட்டன. 1928இன் பிற்பகுதியில் அவை அறவே நீக்கப்பட்டபோதும் வார உற்பத்தி தளரவில்லை. நாளடைவில் உற்பத்தி ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. நம்பி விட்டால் தொழிலாளர் தாமே உழைப்பர் என்னும் கருத்தை எல்டன் மேயோவும் அவர் வழிவந்தோரும் இதனைக்கொண்டு உலகறியச் செய்தனர்.

ஆயினும், அவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. 1928 சனவரியில் பூட்டுவோர் ஐவருள் இருவர் வெளியேற்றப்பட்டனர். மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைப்பதில்லை என்பது அவர்மீது சாட்டப்பெற்ற குற்றம். பேச விட்ட அறையிலேயே பேச்சுக்குத் தண்டனை! அவர்களுக்கு மாற்றாக வந்தோர் கைவிரைவு மிக்கவர். ஊதிய முறையும் முன்பே மாறியிருந்தது. பெருங்கூட்டத்தின் உற்பத்தியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட கூலி, அச்சிறு குழுவின் உற்பத்திக்கே உரியதாயிற்று. இவற்றை 1967இல் அலெக்ஸ் கேரி எடுத்துக்காட்டி, மேயோவின் முடிவை வன்மையாக மறுத்தார்.

அம்மறுப்பு பெரிதும் பொருத்தமானதே. எனினும், இருவர் நீங்கிய பின்னும் அறையில் பேச்சு ஓயவில்லை என்பதையும் மறத்தலாகாது. எஞ்சியோரும் புதியோரும் பேசிக்கொண்டே உழைத்தனர், உற்பத்தியும் ஏறியது.

1931 நவம்பரில் அதே ஆலையில் 14 ஆடவரை வேறோர் அறையில் அமர்த்தி ஆராய்ந்தனர். அவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தமக்குள் அளவு வகுத்துக்கொண்டனர். மிகுதியாக உழைத்தவனைக் கேலி செய்தனர், தோளில் குத்தினர். அளவு கூடினால் கூலிவீதம் குறைக்கப்படும், ஆட்குறைப்பும் வரும் என்பது அவர்களுடைய அச்சம். பொருளாதார மந்தத்தால் வேலை அருகவே, 1932 மே மாதத்தில் அவ்வறை மூடப்பட்டது.