பாயா

பாயா என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். ரோமன் எழுத்தில் நான்கே கட்டம் என்பதால் மலாய்க் குறுக்கெழுத்துப் புதிருக்கு வாகானது. 'நீர் தேங்கிய மெத்து நிலம்' என்று குறிப்பு வந்தால் 'ராவா' என்பதும் பொருந்தும். அதற்கும் நான்கு கட்டம். இரண்டு சொற்களிலும் 2-ஆம், 4-ஆம் எழுத்துகள் ஒன்றே. முதல் எழுத்தோ மூன்றாம் எழுத்தோ கிடைக்கும்வரை பேனாவைத் தொடாமல் இருப்பது நல்லது.

தமிழ்ப் புதிரில் மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. சேறு, உளை இரண்டு கட்டம், அளறு மூன்று, சதுப்பு, அள்ளல் நான்கு. இவற்றுள் அளறுக்கு நரகம் என்ற பொருளும் உண்டு, திருக்குறளில் அப்படித்தான் வருகிறது.

மலாயில் பாயா பாக்காவ் என்றால் அலையாத்திச் சதுப்பு. பாயா கம்புட் என்றால் மக்காத இலைதழை படிந்த கரிச்சதுப்பு. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டும் உண்டு. சுங்கை பூலோ அருகே பாயா ஜாராஸ், டிங்கிலில் பாயா இண்டா என இடப்பெயர்களிலும் சொல் நிற்கிறது. கோலாலம்பூரின் 'லும்பூர்' சேறுதான். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் அந்தச் சேற்றுக் கரையில் 1909-இல் ஜாமேக் பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

சதுப்போடு இவ்வட்டாரம் பட்ட பாடு கிள்ளானில்தான் தெளிவாகத் தெரியும். 1901 செப்டம்பரில் அலையாத்திக் காட்டை வெட்டித் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை (1972 முதல் போர்ட் கிள்ளான்) மலேரியாவால் சில மாதங்களிலேயே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அதை நம்பி, புதரை வெட்டவும் பள்ளத்தைத் தூர்க்கவும் வாய்க்கால் தோண்டவும் கடல்நீரைக் கரைகட்டி நிறுத்தவும் செய்தார். கிள்ளான், துறைமுகம் ஆகிய இரண்டு ஊர்களிலும் 1901-இல் 582 ஆக இருந்த இறப்பு, மறு ஆண்டில் 144 ஆனது.

இதே வைத்தியம் மேட்டுநிலத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை அழித்து ஓடையைத் திறந்துவிட்டதும், வெயில் படும் தெளிந்த ஓட்ட நீரை விரும்பும் வேறு வகைக் கொசு பெருகியது. நிலத்தடிக் குழாய் பதித்தும் நீர்மேல் எண்ணெய் தெளித்தும்தான் அதை அடக்க வேண்டியிருந்தது. எல்லாச் சதுப்பையும் வடித்தால் தீர்ந்தது என்பது அரைகுறைப் பாடம். அதற்கு விலை கொடுத்தவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம்.

கரிச்சதுப்பை வடித்தால் நிலம் தாழும். காய்ந்தால் மண்ணே எரியும். 2005 ஆகஸ்ட்டில் சுமத்ராவில் எரிந்த நிலங்களின் புகை சூழ்ந்து போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கோலலங்காட் வடக்குக் கரிச்சதுப்புக் காட்டின் ஒரு பகுதி காப்புநிலையை இழந்ததாக 2021-இல் தெரியவந்தபோது எதிர்ப்பு வலுத்தது. அதைத் திரும்பவும் காப்புக்காடாக்குவதாகச் சிலாங்கூர் அரசு அதே ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது.