பாதியும் பாதியும்

பென்னலூர் நெடுஞ்சாலையில் ஓடும் சக்கரங்களை எண்ணி மாளாது. ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரம் தன் சுற்றளவையே நிலத்தில் அளந்து செல்கிறது. அச்சுற்றளவைக் கொண்டே வட்டத்தின் பரப்பைக் காணும் வழியைக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் செய்யுளில் சொல்லியுள்ளது.

விதி எளிது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி, அதாவது பரப்பு, கிடைத்துவிடும். 7 முழ விட்டமுள்ள கிணற்றைக் கயிற்றால் சுற்றினால் ஏறத்தாழ 22 முழம் வரும். 11-ஐ மூன்றரையால் பெருக்க, முப்பத்தெட்டரைச் சதுர முழம். விட்டம் 14 ஆனால் சுற்றளவு 44, பரப்போ 154. சுற்று இருமடங்காகப் பரப்பு நான்மடங்காகிறது. வட்டத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கித் தலைமாற்றி அடுக்கினால், பாதிச் சுற்றளவு நீளமும் பாதி விட்டம் அகலமும் கொண்ட செவ்வகத்தை அது நெருங்கும் என்பதே இதன் உட்பொருள். 'பை' என்னும் எண்ணை அறியாதவருக்கும் கயிறு போதும்.

இதைக் காட்டி, வட்டக்கணக்கை உலகுக்குத் தந்தவர் நாமே என்று முழங்குவோர் உண்டு. ஆயின் இதே விதி கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபடீயத்திலும் உள்ளது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் இதற்கு இணையானதை நிறுவிவிட்டார். காரி நாயனாரின் பெருமை முதன்மையில் இல்லை; கணக்கைத் தமிழ்நாவில் நிற்கும்படி செய்ததில் உள்ளது.

தமிழ் முதுகலை பயின்ற நாம் அந்நூலின் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். கயிறெடுத்து ஒரு வட்டத்தையேனும் அளந்து பார்த்தோமா?