சிம்னி விளக்கிலிருந்து எல்.இ.டி. வரை: நம்ம ஊர் வெளிச்சத்தின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டின் கடைசி ட்யூப் லைட்டைக் கழற்றினோம். சமையலறையில் இருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி பட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த பழைய சோக்கைக் கையில் தூக்கிப் பார்த்தார். "காப்பர் சோக்கு சார், எடைக்குப் போட்டா காசு வரும்" என்றார். அந்த இடத்தில் 20 வாட்ஸ் எல்.இ.டி. ஒன்றை மாட்டினார். பத்து நிமிட வேலை.

அவர் போன பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் ஒரே வீட்டில் எத்தனை விதமான விளக்கு மாறிவிட்டது! ராஜாக்கள் மாறியதை வகுப்பில் வருஷம் வருஷமாகச் சொல்லிக்கொடுத்தேன். விளக்கு மாறியதை ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஆறு மணிக்கு மேல் ஒரு வீட்டில் யார் என்ன செய்ய முடியும் என்பதை ராஜாவைவிட விளக்குதான் முடிவு செய்தது.

முதலில் எண்ணெய். ஆமணக்கு எண்ணெய்க்கு நாம் வைத்த பெயரே விளக்கெண்ணெய்தான். புங்க எண்ணெயும் எரித்தார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் வந்தது. என் சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. கை சின்னதாக இருக்கிற பிள்ளைக்குத்தான் அந்த வேலை வரும். ரேஷனில் ஊற்றுகிற மண்ணெண்ணெய் மாதக் கடைசி வரை வரவேண்டும். அதனால் எட்டு மணிக்கு மேல் எரிந்தால் அம்மா திட்டுவார்கள். படிப்பும் எட்டு மணியோடு முடிந்தது.

மின்சாரம் நம் பக்கம் வந்தது மேட்டூரிலிருந்து. அணை 1934-ல் முடிந்தது. அங்கே மின்நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட கம்பிகள்தான் அன்றைய வட ஆர்க்காட்டுக்கு வந்தன. ஆனால் ஊருக்கு மின்சாரம் வருவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. 1957-ல் மின்சார வாரியம் அமைந்த பிறகுதான் கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டார்கள். குடிசைகளுக்கு அரசு இலவச இணைப்பு கொடுத்தபோது அது ஒரே ஒரு 40 வாட்ஸ் பல்புக்கான இணைப்பு. ஒரு வீடு, ஒரு விளக்கு. அதன் கீழேயே சமையல், அதன் கீழேயே வீட்டுப்பாடம், அதன் கீழேயே தூக்கம்.

அந்தக் குண்டு பல்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது விளக்கு என்பதைவிட அடுப்பு என்பதுதான் சரி. உள்ளே இருக்கிற டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்துதான் வெளிச்சம் தரும். நாம் கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளிச்சமாகும், மீதி சூடு. எடிசன் 1879-ல் செய்து காட்டிய பல்புக்கும் நம் வீட்டில் 2000-ல் எரிந்த பல்புக்கும் அடிப்படை ஒன்றே.

ட்யூப் லைட் வந்ததும் அது வசதியின் அடையாளமாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் "ஹாலில் ட்யூப் லைட் இருக்கா?" என்று கவனித்த காலம் உண்டு. 40 வாட்ஸ் என்பார்கள். சோக்கு தின்பதையும் சேர்த்தால் 50-க்கு மேல் போகும். இதைவிட வேடிக்கை சீரோ வாட்ஸ் பல்பு. பெயர்தான் சீரோ, உண்மையில் அது சுமார் 15 வாட்ஸ். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். "சீரோதானே" என்று விடிய விடிய எரியவிட்டோம்.

பிறகு சி.எஃப்.எல். வந்தது. 2009-ல் மத்திய அரசு பசத் லாம்ப் யோஜனா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். என்பது அதன் சாரம். மின்சாரம் மிச்சமானது உண்மை. ஆனால் அதற்குள்ளே கொஞ்சம் பாதரசம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்.இ.டி.யின் கதை வேறு மாதிரி. 1962-லேயே அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்துவிட்டார். ரேடியோவிலும் ஸ்டெபிலைசரிலும் சின்னதாகச் சிவப்பு எரியுமே, அதுதான். பிறகு பச்சையும் வந்தது. நீலம் மட்டும் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் இல்லை. முப்பது வருஷம் கழித்து, 1990-களின் தொடக்கத்தில்தான் ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் காலியம் நைட்ரைடு என்ற பொருளில் பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார்கள். நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் கண்ணுக்கு வெள்ளை. நம் வீட்டில் எரிகிற பல்பு முக்கால்வாசி அதுதான். 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நம் ஊருக்கு எல்.இ.டி. வந்தது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அல்ல. மின்சாரமே இல்லாததால் வந்தது. 2008-லிருந்து மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. அப்போதுதான் சந்தையில், பஸ் ஸ்டாண்டில், தள்ளுவண்டியில் சார்ஜ் லைட் குவிந்தது. பேட்டரியில் குண்டு பல்பை எரிக்க முடியாது. எல்.இ.டி. இரண்டு மூன்று வாட்ஸில் மணிக்கணக்கில் எரியும். அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதிய என் மாணவர்களில் நிறையப் பேர் அந்த வெளிர்நீல வெளிச்சத்தில்தான் படித்தார்கள். படிக்கிறவர்களே, உங்களில் சிலர் அவர்கள்தான்.

அப்புறம் விலை. 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் ஒரு எல்.இ.டி. பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. அந்த வருஷம் புதுச்சேரியில் வீட்டுக்கு மூன்று பல்பு, பல்புக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2015 ஜனவரி 5-ல் தேசிய அளவில் திட்டம் தொடங்கியது. பிறகு உஜாலா என்று பெயர் வைத்தார்கள். கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதால் 2016-ல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. இரண்டரை வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு! இந்தத் திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல் பல்புகள் போயின. அங்கே விலை இறங்கியதும் நம் தெருமுனைக் கடையிலும் இறங்கியது.

இனி ஒரு கணக்கு. வாத்தியார் பதிவில் கணக்கு இல்லாமல் இருக்குமா? ஒரு வீட்டில் நாலு 60 வாட்ஸ் பல்பு, தினம் ஐந்து மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட்ஸ் எல்.இ.டி. நாலு போட்டால் 11 யூனிட்தான். 2016 மே மாதத்திலிருந்து நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறில் விளக்கு காலி செய்த 61 யூனிட் எங்கே போனது? ஃபேன், டி.வி., மிக்சி, கிரைண்டர். 2006-க்குப் பிறகு கலர் டி.வி.யும், 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேனும் அரசே கொடுத்தது. அவற்றை பில் ஏறாமல் ஓட்ட இடம் விட்டது எல்.இ.டி.தான். ஏழை வீட்டில் மிச்சமானது ரூபாயாகத் தெரியவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓய்ந்த நேரமாகத் தெரிந்தது.

இவ்வளவு தூரம் நல்ல கதை. இனி நான் சொல்ல வந்தது.

நம் பக்கத்து ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்போமே, அதில் கையால் தைக்கிற வேலை நிறைய வீடுகளில் நடக்கிறது. ஏஜென்ட் வெட்டிய தோலைக் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் வாசலில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கறுப்புத் தோலில் கறுப்பு நூல். பகல் வெளிச்சம் போனால் ஊசித் துளை தெரியாது. அதனால் பொழுது சாய்ந்ததும் வேலை நின்றுவிடும். நிறுத்தியது முதலாளி இல்லை, 40 வாட்ஸ் பல்பு.

சில வருஷத்துக்கு முன் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கு வராமல் இருந்தாள். ராத்திரி எட்டு மணி. எல்.இ.டி. பளிச்சென்று எரிகிறது. அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து தைக்கிறார்கள்.

"என்னம்மா, இந்த நேரத்துக்குமா?" என்றேன்.

"இப்பதான் சார் நல்லா தெரியுது. முன்னல்லாம் ஆறு மணிக்கு எடுத்து வச்சிடுவேன். இப்ப பத்து மணி வரைக்கும் ஓடுது" என்றார்கள்.

"கூலி ஏறிச்சா?"

"ஜோடிக்கு அதேதான் சார். ஜோடிதான் ஏறிச்சு."

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். தூங்கி வழிந்துகொண்டுதான் வந்தாள்.

கம்பெனிக்குள் தைத்தால் விளக்கு கம்பெனியின் செலவு. வேலை நேரத்துக்குச் சட்டம் உண்டு. வீட்டில் தைத்தால் விளக்கும் அவர்களுடையது, கண்ணும் அவர்களுடையது. 1996-ல் இரண்டு விஷயம் நடந்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றி, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டில் வேலை செய்பவரையும் மற்றத் தொழிலாளிபோல நடத்தவேண்டும் என்று 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. முதலாவது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் இந்தியா இன்னும் சேரவில்லை.

எல்.இ.டி.யைக் குறை சொல்லவில்லை. என் வீட்டில் எல்லாம் அதுதான். வெளிச்சம் வந்தது நல்லது. அந்த வெளிச்சத்தில் நீண்டுபோன நாலு மணி நேரத்துக்குக் கூலிப் புத்தகத்தில் இடம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வீட்டில் தைப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பெரிய பல்பு வாங்காதீர்கள். சின்ன பல்பை ஒயரில் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். விளக்குக்கும் கைக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. கண்ணில் நேராக அடிக்காமல் ஒரு மறைப்பு போடுங்கள். தையலுக்கும் படிப்புக்கும் இது பொருந்தும்.

கடைசியாகப் பாதரசம். ட்யூப் லைட்டிலும் சி.எஃப்.எல்.லிலும் அது உண்டு. எல்.இ.டி.யில் இல்லை. மாற்றும்போது பழையதை உடைத்துக் குப்பையில், ஆற்றங்கரையில் போடாதீர்கள். 2016 மின்னணுக் கழிவு விதிகளில் இந்த விளக்குகளையும் சேர்த்தார்கள். உடையாமல் அட்டையில் சுற்றி, மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். பாலாறு ஏற்கெனவே போதுமான அளவு குடித்துவிட்டது. எங்கள் சமையலறை ட்யூப் இப்போது பரணில் பத்திரமாகப் படுத்திருக்கிறது. சோக்கை மட்டும் அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் முதல் விளக்கு எது, அதன் கீழே யார் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். குறிப்பாக, அம்மா தைத்த வீட்டுப் பிள்ளைகள் எழுதுங்கள்.